ஒரு பிரதமர், ஒரு ஆயுதப் பிரிவு, 29 மாதங்கள்: ஜோரான் ஜின்ஜிச் நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய ஆய்வு

செர்பியப் பிரதமர் ஜோரான் ஜின்ஜிச் 2003 மார்ச் 12 அன்று, பெல்கிரேடில் தம் அலுவலகக் கட்டடத்தின் முற்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் அரசுச் சம்பளம் வாங்கிய அதிகாரி. உள்துறையின் கீழ் இயங்கிய சிறப்பு நடவடிக்கைப் பிரிவில் துணைத் தளபதி பதவி வகித்தவர். அந்தப் பிரிவுக்கும் ஜின்ஜிச்சுக்கும் இடையிலான உடன்பாடு 2000 அக்டோபர் 4 இரவு பிறந்தது. அன்று முதல் கொலை நாள் வரையிலான 29 மாதங்களில் எடுக்கப்பட்ட முடிவுகளே இங்கு ஆராயப்படுகின்றன.

பொதுப் பதவியில் இருந்தவர்களின் பெயர்கள் வேண்டிய இடத்தில் தரப்பட்டுள்ளன. சுட்டவர், லாரி ஓட்டியவர், தகவல் கசியவிட்டவர், சாட்சிகள் ஆகியோர் அவரவர் பங்கைச் சொல்லி மட்டுமே குறிக்கப்படுகிறார்கள்.

பின்னணி: தத்துவ மாணவர் தந்திரசாலி ஆனது

ஜின்ஜிச் 1952 ஆகஸ்ட் 1 அன்று, போஸ்னியாவின் போசான்ஸ்கி ஷாமட்ஸ் நகரில், யூகோஸ்லாவிய ராணுவ அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். பெல்கிரேடில் தத்துவம் படித்தார். கம்யூனிஸ்ட் கட்சிக்கு வெளியே மாணவர் அமைப்பு ஒன்றை உருவாக்க முயன்றதற்காக 1974இல் தண்டிக்கப்பட்டார். பிறகு மேற்கு ஜெர்மனிக்குப் போய், பிராங்க்பர்ட்டில் தத்துவ அறிஞர் யூர்கன் ஹாபர்மாஸிடம் பயின்று, 1979இல் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

1989இல் நாடு திரும்பி, ஜனநாயகக் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரானார். 1994 ஜனவரியில் கட்சித் தலைமை அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டு போஸ்னியச் செர்பியர்களின் தலைமையிடமான பாலே நகருக்குப் போய் அவர்களின் தலைவர் ரதோவான் கராஜிச்சின் விருந்தில் கலந்துகொண்டது, கடைசிவரை அவரைத் துரத்திய கறை. அரசியலில் எந்தக் கதவையும் மூடி வைக்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு எப்போதும் இருந்தது. அது பலமுறை பலன் தந்தது, சில இடங்களில் வினையானது. 2000 அக்டோபரில் இரண்டும் ஒருசேர நடந்தன.

1996 நவம்பர் 17 அன்று நடந்த உள்ளாட்சித் தேர்தலின் இரண்டாம் சுற்றில், பெல்கிரேட் உள்ளிட்ட பெருநகரங்களை எதிர்க்கட்சிக் கூட்டணி வென்றது. அப்போதைய செர்பிய அதிபர் ஸ்லோபோதான் மிலோஷெவிச்சின் ஆட்சி முடிவுகளை ரத்து செய்தது. கடுங்குளிரில் ஏறக்குறைய மூன்று மாதம் மக்கள் நாள்தோறும் ஊர்வலம் போனார்கள். ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் பெலிப்பே கொன்சாலஸை அனுப்பி ஆராய்ந்தது. 1997 பிப்ரவரியில் தனிச் சட்டம் ஒன்றின் மூலம் மிலோஷெவிச் வெற்றியை ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 21 அன்று ஜின்ஜிச் பெல்கிரேட் மேயரானார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கம்யூனிஸ்ட் அல்லாத முதல் மேயர் அவர்தான். நகர மன்றக் கட்டட உச்சியில் இருந்த சிவப்பு நட்சத்திரம் இறக்கப்பட்டது. ஆனால் பதவி செப்டம்பர் 30 வரைதான் நீடித்தது. கூட்டாளியாக இருந்த வூக் த்ராஷ்கோவிச்சின் கட்சியே ஆளுங்கட்சியோடு சேர்ந்து அவரை இறக்கியது.

வீதியில் கூடும் கூட்டம் ஆட்சியை இறங்கி வரச் செய்யும், ஆனால் ஆட்சியைக் கைக்குக் கொண்டு வராது என்பதை அவர் 1997இல் நேரில் கண்டார். அதிகாரம் கைமாற வேண்டுமென்றால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சும்மா இருக்க வேண்டும். 2000இல் அவர் செய்த கணக்கு இதன் மேல் கட்டப்பட்டது.

பின்னணி: சிவப்புத் தொப்பிகள்

சிறப்பு நடவடிக்கைப் பிரிவை மக்கள் ‘சிவப்புத் தொப்பிகள்’ என்றே அழைத்தார்கள். குரோவேசியா, போஸ்னியா போர்களில் செர்பிய உளவுத்துறை மறைமுகமாக இயக்கிய ஆயுதக் குழுக்களிலிருந்து 1996இல் முறையான பிரிவாக அது உருவாக்கப்பட்டது. வொய்வொதினா பகுதியில் உள்ள கூலா ஊரில் தலைமை முகாம். சீருடை, சம்பளம், கவச வண்டிகள் எல்லாம் அரசுடையவை. கட்டளை மட்டும் வழக்கமான காவல்துறை வரிசையில் வராமல், நேராக உளவுத்துறைத் தலைவரிடமிருந்து வந்தது. ஆக, உளவுத்துறைத் தலைவர் நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவர் கையில் இந்தப் பிரிவு.

தளபதி மிலோராத் உலெமெக் பிரெஞ்சு அந்நியப் படையில் (லெஜியன்) இருந்தவர், அதனால் ‘லெகியா’ என்று பெயர். பிரிவின் ஆட்களுக்கும் செமூன் புறநகரில் இயங்கிய போதைப்பொருள், ஆள்கடத்தல் கும்பலுக்கும் இடையே கோடு மங்கலாகவே இருந்தது. ‘செமூன் கும்பல்’ என்று பேர் பெற்ற அந்தக் குழு, 2001 ஏப்ரலில் நாட்டின் பெரிய வணிகர் ஒருவரைக் கடத்தி 70 லட்சம் ஜெர்மன் மார்க் பறித்தது.

பிற்பாடு முக்கியமான இரண்டு குற்றங்களை இங்கேயே பதிவு செய்ய வேண்டும். 1999 அக்டோபர் 3 அன்று இபார் நெடுஞ்சாலையில் மணல் ஏற்றிய லாரி ஒன்று த்ராஷ்கோவிச்சின் வாகன வரிசைக்குள் திடீரென்று திரும்பியது. நால்வர் இறந்தனர், அவர் தப்பினார். 2000 ஆகஸ்ட் 25 அன்று செர்பியாவின் முன்னாள் அதிபர் இவான் ஸ்தாம்போலிச், பெல்கிரேடின் கோஷுத்னியாக் காட்டுப் பகுதியில் ஓட்டப் பயிற்சியின்போது காணாமல் போனார். இரண்டையும் இந்தப் பிரிவினரே செய்தனர் என்று நீதிமன்றங்கள் பின்னர் தீர்ப்பளித்தன. 2000 அக்டோபரில் எதிர்க்கட்சியினர் இதைச் சந்தேகித்தார்கள், கையில் ஆதாரம் இல்லை.

முதல் முடிவு: 2000 அக்டோபர் 4 இரவு

18 கட்சிகள் சேர்ந்த எதிர்க்கட்சிக் கூட்டணியின் பிரசாரத்தை நடத்தியவர் ஜின்ஜிச். ஆனால் செர்பியாவும் மாண்டினீக்ரோவும் சேர்ந்த யூகோஸ்லாவியக் கூட்டாட்சியின் அதிபர் தேர்தலில் வேட்பாளராக நின்றவர் வோயிஸ்லாவ் கோஷ்துனிட்சா. தமக்கு மக்களிடம் எதிர்ப்பு அதிகம், கோஷ்துனிட்சாவுக்கு அது இல்லை என்று கருத்துக்கணிப்புகள் சொன்னதும், விலகி நின்று பின்னாலிருந்து வேலை பார்த்தார். இவ்வளவு ஆசையுள்ள அரசியல்வாதி இப்படி விலகுவது அரிது. அதன் விலை என்ன என்பது அப்போது தெரியவில்லை: கூட்டாட்சி அதிபர் பதவியும் அதோடு ராணுவமும் வேறொருவர் கைக்குப் போயின.

செப்டம்பர் 24 அன்று கோஷ்துனிட்சா முதல் சுற்றிலேயே வென்றார். தேர்தல் ஆணையமோ 50 சதவீதத்தை அவர் தாண்டவில்லை என்றது. கொலுபாரா நிலக்கரிச் சுரங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அக்டோபர் 5 அன்று நாடெங்கிலுமிருந்து மக்களைப் பெல்கிரேடுக்குத் திரட்ட முடிவாயிற்று.

அதற்கு முந்தைய இரவு ஜின்ஜிச் உலெமெக்கை வாகனம் ஒன்றில் ரகசியமாகச் சந்தித்தார். பேச்சு சுருக்கமானது. கூட்டம் காவலர்களையும் முகாம்களையும் தாக்காது. பிரிவு கூட்டத்தை நோக்கிச் சுடாது. மறுநாள் பிற்பகல் கூட்டம் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது, அரசுத் தொலைக்காட்சிக் கட்டடம் எரிந்தது, சிவப்புத் தொப்பிகள் நகருக்குள் வந்தும் சுடவில்லை. லட்சக்கணக்கானோர் திரண்ட ஒரு நாளில் ஆட்சி கைமாறியது. ரத்த ஆறு ஓடவில்லை.

இந்தச் சந்திப்பைத் தவறு என்று சொல்வோர் உண்டு. எங்கள் மதிப்பீடு வேறு. அந்த இரவு வேறு வழி இல்லை. கூட்டத்தை அழைத்தாயிற்று, துப்பாக்கி எதிர்ப்பக்கம் இருக்கிறது, பேசாமல் விட்டிருந்தால் மறுநாள் பிணக்கணக்குதான் மிஞ்சியிருக்கும். தவறு பின்னால் நேர்ந்தது. உலெமெக் அந்த உடன்பாட்டைத் தம் பிரிவுக்கான உயிர்க் காப்பீடாகப் புரிந்துகொண்டார். ஜின்ஜிச் அதை ஒரு நாள் வேலையாகப் பார்த்தார். இரு தரப்பும் ஒரே சொல்லுக்கு இருவேறு காலவரம்பு வைத்திருந்தன, யாரும் அதை எடுத்துப் பேசவில்லை.

இரண்டாம் முடிவு: 112 நாள் காத்திருப்பு

அக்டோபர் 5க்குப் பிறகு செய்ய வேண்டிய முதல் வேலை உளவுத்துறைத் தலைவர் ராதோமிர் மார்கோவிச்சை நீக்குவது. அது நடக்கவில்லை. சட்டப்படி நடக்க வேண்டும், செர்பியக் குடியரசின் தேர்தல் முடிந்து புதிய அரசு வரட்டும் என்ற கோஷ்துனிட்சாவின் நிலைப்பாடு வென்றது. டிசம்பர் 23 தேர்தலில் கூட்டணி 250 இடங்களில் 176ஐப் பிடித்தது. 2001 ஜனவரி 25 அன்று ஜின்ஜிச் பிரதமரானார். அதுவரை, அதாவது 112 நாட்கள், மார்கோவிச் அதே நாற்காலியில் இருந்தார். அந்தக் காலத்தில் கோப்புகள் அழிக்கப்பட்டன.

கோப்பு அழிந்தால் என்ன ஆகும்? எந்தக் கொலைக்கு யார் ஆணையிட்டார், எந்த வாகனம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எந்தத் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது என்ற எழுத்துத் தடயம் போகிறது. பிறகு குற்றத்தை நிரூபிக்க மிஞ்சுவது உள்ளாட்களின் வாக்குமூலம் மட்டுமே. உள்ளாட்கள் பேச வேண்டுமென்றால் அவர்களுக்குப் பயம் போக வேண்டும், பயம் போக வேண்டுமென்றால் பிரிவு கலைய வேண்டும், பிரிவைக் கலைக்கக் குற்றம் நிரூபணமாக வேண்டும். இந்த வட்டத்தை உடைக்க அரசுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் பிடித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இங்கே அதிகார அமைப்பையும் புரிந்துகொள்ள வேண்டும். பெல்கிரேடில் அப்போது இரண்டு அரசுகள் இருந்தன. கூட்டாட்சி அதிபர் கோஷ்துனிட்சாவிடம் ராணுவமும் ராணுவ உளவும் இருந்தன. குடியரசின் பிரதமர் ஜின்ஜிச்சிடம் காவல்துறையும் உள்நாட்டு உளவும் இருந்தன. மிலோஷெவிச் காலத்து ராணுவத் தலைமைத் தளபதி நெபோய்ஷா பாவ்கோவிச் 2002 ஜூன் வரை பதவியில் நீடித்தார். ஆயுதப் பிரிவு ஒன்று கலகம் செய்தால், அடக்க ராணுவத்தை அழைக்கும் அதிகாரம் பிரதமருக்கு இல்லை.

2001: இரண்டு நாடுகடத்தல்களுக்கு இடையே

யூகோஸ்லாவியப் போர்க் குற்றங்களை விசாரித்த ஹேக் நகரத் தீர்ப்பாயத்தோடு ஒத்துழைப்பதைப் பொறுத்த அமெரிக்க நிதியுதவிக்கு மார்ச் 31 கெடுவாக இருந்தது. அந்த இரவுதான் தெதின்யே பகுதியில் மிலோஷெவிச்சின் மாளிகைக்குக் காவலர்கள் போனார்கள். முதல் முயற்சியில் இறங்கியவர்களும் சிவப்புத் தொப்பிகளே. உள்ளேயிருந்து துப்பாக்கிச் சூடு வந்தது, பின்வாங்கினார்கள். நீண்ட பேச்சுக்குப் பின் ஏப்ரல் 1 விடியுமுன் அவர் சரணடைந்தார்.

ஜூன் 28 அன்று அவர் ஹேக் நகரத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பப்பட்டார். கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் தடை விதித்திருந்தது. ஜின்ஜிச்சின் அமைச்சரவை, கூட்டாட்சி அமைப்புகளின் செயல் குடியரசின் நலனுக்குக் கேடானால் குடியரசு தானே முடிவெடுக்கலாம் என்ற செர்பிய அரசமைப்பின் 135ஆம் பிரிவைக் கையிலெடுத்தது. அந்தப் பிரிவு 1990இல் மிலோஷெவிச்சே கொண்டுவந்த அரசமைப்பில் இருந்தது! ஹெலிகாப்டரில் போஸ்னியாவின் துஸ்லா நகருக்கும் அங்கிருந்து ஹேக்குக்கும் அவர் கொண்டுசெல்லப்பட்டார். மறுநாள் பிரஸ்ஸல்ஸ் நிதியளிப்போர் மாநாட்டில் ஏறக்குறைய 128 கோடி டாலர் உறுதி கிடைத்தது.

ஜின்ஜிச்சின் அவசரத்துக்குக் காரணம் கஜானா. 2000 இறுதியில் ஆண்டுப் பணவீக்கம் 100 சதவீதத்துக்கு மேல் இருந்தது. வெளிநாட்டுக் கடன் தள்ளுபடி இல்லாமல் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்க முடியாது. பணத்துக்கான சாவி ஹேக் ஒத்துழைப்பில் இருந்தது. அதே சாவிதான் சிவப்புத் தொப்பிகளின் பயத்தையும் திறந்தது. மிலோஷெவிச்சே போனார் என்றால், போர்க் காலத்தில் களத்தில் நின்றவர்கள் அடுத்து நாமா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

உலெமெக், பொது இடங்களில் நடந்த அடிதடிகளுக்குப் பிறகு 2001 நடுவில் தளபதிப் பதவியை இழந்தார். பதவிதான் போயிற்று. பிரிவு அவர் சொல்படியே நடந்தது.

மூன்றாம் முடிவு: 2001 நவம்பர் கலகம்

நவம்பர் 8 அன்று, ஹேக் தீர்ப்பாயம் தேடிய சகோதரர்கள் இருவரைக் கைது செய்யும் வேலை சிவப்புத் தொப்பிகளிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் பிடித்துக் கொடுத்தார்கள், மறுநாள் இருவரும் ஹேக்குக்கு அனுப்பப்பட்டனர். சாதாரணக் குற்றவாளிகள் என்று சொல்லி எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று பிரிவு கொதித்தது. கவச வண்டிகள் முதலில் கூலா அருகே சாலையை மறித்தன. நவம்பர் 12 அன்று பெல்கிரேடுக்குள் வந்து, நகரின் நடுவே ஓடும் நெடுஞ்சாலையை மறித்தன. உள்துறை அமைச்சர் துஷான் மிஹாய்லோவிச் விலக வேண்டும், ஹேக் ஒத்துழைப்புக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்பவை கோரிக்கைகள்.

அரசிடம் இருந்த வழிகள் மூன்று. பலத்தால் அடக்கலாம்: ஜெண்டார்மெரி என்ற புதிய காவல்படை உருவாகி ஐந்தே மாதம் ஆகியிருந்தது, போர்ப் பழக்கமுள்ள பிரிவோடு மோதும் நிலையில் அது இல்லை. ராணுவத்தைக் கேட்கலாம்: கோஷ்துனிட்சா இதைப் பாதுகாப்பு அச்சுறுத்தலாகவே கருதவில்லை. மூன்றாவது வழி பேச்சு. ஜின்ஜிச் பேச்சைத் தேர்ந்தார்.

நவம்பர் 17 அன்று முடிவுக்கு வந்தபோது, அமைச்சர் பதவியில் நீடித்தார். செய்தித்தாளில் அது அரசின் வெற்றிபோலத் தெரிந்தது. உண்மையான கைமாற்றம் ஒரு படி கீழே நடந்தது. உளவுத்துறைத் தலைவரும் துணைத் தலைவரும் விலகினார்கள். புதிய துணைத் தலைவராக வந்தவர், முன்பு அதே சிவப்புத் தொப்பிப் பிரிவில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். பிரிவு உளவுத்துறையிலிருந்து பிரிக்கப்பட்டு நேரடியாக உள்துறையின் கீழ் வைக்கப்பட்டது.

இந்த நிகழ்வில் மிக அதிக விலை கொடுத்த முடிவு இதுவே என்பது எங்கள் கருத்து. பிரிவைக் கண்காணிக்க வேண்டிய அலுவலகத்தில் பிரிவின் ஆளே உட்கார்ந்தார். கும்பலைப் பற்றி உளவுத்துறை சேகரிக்கும் எதுவும் அவர் மேசையைக் கடந்து போகும். அதே வாரம், நவம்பர் 16 அன்று, கடன் கொடுத்த நாடுகளின் கூட்டமைப்பான பாரிஸ் குழு நாடுகள் யூகோஸ்லாவியக் கடனில் 66 சதவீதத்தைத் தள்ளுபடி செய்ய இசைந்தன. வீதியில் ரத்தம் சிந்தியிருந்தால் அந்த மேசையில் என்ன நடந்திருக்கும் என்பதைப் பிரதமர் எண்ணியிருக்கக்கூடும். அதை வைத்துப் பார்த்தால் பேச்சைத் தேர்ந்தது புரிகிறது. விட்டுக்கொடுத்தது எதை என்பதுதான் கேள்வி. அமைச்சரைக் கொடுத்துவிட்டு உளவுத்துறையைக் காத்திருக்கலாம். மாற்றிச் செய்தார்கள்.

2002: சட்டத்தின் வழியே, மெதுவாக

அரசு பாடம் கற்றுக்கொண்டது, ஆனால் வேகம் போதவில்லை. 2002 ஜூலையில் திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான சட்டம் நிறைவேறியது. தனி அரசு வழக்கறிஞர், தனிக் காவல் பிரிவு, தனி நீதிமன்ற அமர்வு மூன்றும் அதன் உறுப்புகள். கட்டடம், நீதிபதிகள், சாட்சிப் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாக அமைக்க மாதங்கள் பிடித்தன. கும்பலின் பழைய கூட்டாளி ஒருவர் பகையாகி, அரசுத் தரப்புச் சாட்சியாக வர இசைந்தார். அவர் நிறுவனத்தின் சொத்துகள் 2002 டிசம்பரில் எரிக்கப்பட்டன.

அரசியல் தளமும் சரிந்துகொண்டிருந்தது. கோஷ்துனிட்சாவின் கட்சி 2001 ஆகஸ்டிலேயே அரசிலிருந்து விலகியிருந்தது. 2002 அக்டோபரிலும் டிசம்பரிலும் நடந்த அதிபர் தேர்தல்கள், பாதி வாக்காளர் கூட வராததால் செல்லாமல் போயின. குடியரசுக்கு அதிபரே இல்லாமல், நாடாளுமன்றத் தலைவர் நடாஷா மிச்சிச் பொறுப்பு அதிபரானார்.

2003 ஜனவரி இறுதியில் உளவு அமைப்பின் தலைமை மீண்டும் மாற்றப்பட்டது. நவம்பர் கலகத்தில் நுழைந்த துணைத் தலைவர் வெளியேற்றப்பட்டார். அதே நாட்களில் உலெமெக் அரசைத் தாக்கித் திறந்த கடிதம் வெளியிட்டார். அரசு தன் அடுத்த அடியை எதிராளிக்கு முன்கூட்டியே காட்டிவிட்டது என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி. சட்டம் வந்தாயிற்று, வழக்கறிஞர் நியமனமாயிற்று, சாட்சி கிடைத்தாயிற்று, உள்ளாள் போயாயிற்று. கைது மட்டும் இன்னும் நடக்கவில்லை. வேட்டைக்காரன் வருகிறான் என்று தெரிந்த பிறகும் விலங்குக்குக் கிடைத்த அந்த ஆறு வாரமே ஆபத்தான இடைவெளி.

எச்சரிக்கை: 2003 பிப்ரவரி 21

விமான நிலையம் நோக்கிப் போய்க்கொண்டிருந்த பிரதமரின் வாகன வரிசைக்குள், புதிய பெல்கிரேடின் லிமெஸ் அரங்கம் அருகே, லாரி ஒன்று திடீரென்று திரும்பியது. ஓட்டுநர்களின் சாமர்த்தியத்தால் வண்டிகள் விலகித் தப்பின. வண்டிகளை நிறுத்தவைத்து ஆயுதங்களால் தாக்குவதே திட்டம் என்று பின்னர் விசாரணையில் தெரியவந்தது.

லாரி ஓட்டியவர் அங்கேயே பிடிபட்டார். கையில் போலி ஆவணம். செமூன் கும்பலைச் சேர்ந்தவர். சில நாளில் விடுவிக்கப்பட்டார்.

இபார் நெடுஞ்சாலை வழக்கில் சிவப்புத் தொப்பி வீரர்களுக்குத் தண்டனை வழங்கிய தீர்ப்பு அதற்கு முந்தைய மாதம், 2003 ஜனவரியில்தான் வந்திருந்தது. லாரியைத் திருப்பிக் கொல்வது இவர்கள் முறை என்று நீதிமன்றமே எழுதிவைத்த மை காயவில்லை. அதே முறை பிரதமர் மீது பயன்படுத்தப்பட்டபோது, அது முதலில் போக்குவரத்துச் சம்பவமாகவே கையாளப்பட்டது. ஓட்டுநரைச் சாலை விதிமீறல் போன்ற கணக்கில் வைத்தவர்களுக்கும், கும்பல் கோப்பை வைத்திருந்தவர்களுக்கும் இடையே தகவல் ஓடவில்லை, ஓடியிருந்தாலும் யாரும் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. ஜின்ஜிச்சும் ஆபத்தைப் பொதுவெளியில் சிறிதாக்கியே பேசினார்.

மார்ச் 12

அரசுக் கட்டடம் நேமான்யினா தெரு 11ஆம் எண். வாகனம் முற்றத்துக்குள் வந்து 5ஆம் எண் வாசல் அருகே நிற்கும். காவல்துறையினருடன் ஆடிய கால்பந்தாட்டத்தில் பிப்ரவரியில் காலில் அடிபட்டிருந்ததால், ஜின்ஜிச் ஊன்றுகோலோடு நடந்தார். அன்று ஸ்வீடன் வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட் அவரைச் சந்திக்க வரவிருந்தார்.

பகல் 12:25 அளவில், அட்மிரல் கெப்ராட் தெரு 14ஆம் எண் கட்டடத்தின் ஜன்னலிலிருந்து ஹெக்லர் கோக் ஜி3 வகைத் துப்பாக்கியால் துணைத் தளபதி சுட்டார். ஒரு தோட்டா பிரதமரின் மார்பில் பாய்ந்தது, மற்றொன்று மெய்க்காவலரைக் கடுமையாகக் காயப்படுத்தியது. மூன்றாவது தோட்டா உண்டு என்ற வாதம் இன்றும் உயிரோடிருக்கிறது. தீர்ப்பு இரண்டைத்தான் ஏற்றது. பிரதமரின் நடமாட்டத்தைக் கும்பலுக்குச் சொன்னவர்களில் உளவு அமைப்பின் ஊழியர் ஒருவரும் இருந்தார்.

பாதுகாப்பு ஏற்பாட்டில் என்ன குறை? காவல் என்பது உடலைச் சுற்றிய நெருங்கிய வளையமாக மட்டும் இருந்தது. வெளி வளையம் இல்லை. முற்றத்தை நேராகப் பார்க்கும் ஜன்னல்கள் எவை, அந்த அறைகளின் சாவி யாரிடம், யார் வந்து போகிறார்கள் என்ற கணக்கு அன்றாடம் எடுக்கப்படவில்லை. பிப்ரவரி 21க்குப் பிறகு சாலையில் வரும் ஆபத்தைப் பற்றிய கவனம் கூடியது. வாசலில் வாகனக் கதவு திறந்து கட்டடக் கதவு மூடும்வரை உள்ள சில விநாடிகள் கவனத்துக்கு வரவில்லை. ஊன்றுகோலால் அந்த விநாடிகள் நீண்டும் போயின. துணைப் பிரதமர் ஷார்கோ கொராச் தலைமையில் பின்னர் அமைந்த ஆணையம் பாதுகாப்பு ஏற்பாட்டில் பெரும் ஓட்டைகளைக் கண்டது.

தொடர்ந்தவை

அன்றே நடாஷா மிச்சிச் நெருக்கடி நிலையை அறிவித்தார். அது ஏப்ரல் 22 வரை நீடித்தது. ‘வாள்’ என்று பெயரிட்ட நடவடிக்கையில் 11,000க்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர். செமூனின் ஷிலெரோவா தெருவில் இருந்த கும்பலின் கட்டடம் இயந்திரத்தால் இடித்துத் தள்ளப்பட்டது. மார்ச் 25 அன்று சிறப்பு நடவடிக்கைப் பிரிவு கலைக்கப்பட்டது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. மார்ச் 27 அன்று கும்பலின் தலைவர் இருவர் காவல்துறையால் கொல்லப்பட்டனர். மறுநாள் ஸ்தாம்போலிச்சின் எச்சம் ப்ரூஷ்கா கோரா மலைப்பகுதியில் கிடைத்தது.

காவலில் சித்திரவதை நடந்ததாக மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின, ஊடகங்களுக்கும் கட்டுப்பாடு இருந்தது. ‘வாள்’ நடவடிக்கையைப் புகழ்வோர் இதைச் சொல்லாமல் கடப்பது சரியல்ல.

வழக்கு விசாரணை 2003 டிசம்பரில் தொடங்கியது. உலெமெக் 2004 மே 2 அன்று பெல்கிரேடில் தம் வீட்டருகே சரணடைந்தார். சாட்சிகளில் ஒருவர் 2004லும் இன்னொருவர் 2006லும் கொல்லப்பட்டனர். 2006இல் நீதிபதி ஒருவர் விலகினார். 2007 மே 23 அன்று 12 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. உலெமெக்குக்கும் சுட்டவருக்கும் தலா 40 ஆண்டு சிறை. கொலைக்குப் பின்னால் அரசியல் தூண்டுதல் இருந்ததா என்பது எந்தத் தீர்ப்பிலும் முடிவாகவில்லை. நவம்பர் கலகத்துக்காகத் தனியே தொடரப்பட்ட வழக்கில், முதல் நிலை நீதிமன்றம் 2018இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது.

ஆட்சியும் நிலைக்கவில்லை. 2003 டிசம்பர் தேர்தலில் செர்பியத் தீவிரக் கட்சி 82 இடங்களுடன் முதலாவதாக வந்தது. ஜின்ஜிச்சின் கட்சிக்கு 37. 2004 மார்ச்சில் பிரதமர் நாற்காலியில் கோஷ்துனிட்சா அமர்ந்தார்.

எதை மாற்றியிருக்கலாம்

அக்டோபர் 4 சந்திப்பை மாற்ற வேண்டியதில்லை. அதற்கு மறுநாளே காலக்கெடு வைத்திருக்க வேண்டும்: சுடாமல் இருந்ததற்குக் கைம்மாறு என்ன, அது எந்தத் தேதியோடு முடிகிறது என்பதை இரு தரப்பும் அறிய வேண்டும். உலெமெக்குக்கு ஓய்வூதியமும் வெளியேறும் வழியும் கொடுத்து, பிரிவை அப்போதே பிரித்திருக்கலாம். 2000 அக்டோபர் மாதம் புதிய ஆட்சியின் பக்கம் இருந்த மக்கள் பலம் பிறகு ஒருபோதும் அந்த அளவில் இல்லை.

உளவுத்துறைத் தலைவர் மாற்றம் சட்டப்படி காத்திருக்க வேண்டியதுதான் என்றால்கூட, காப்பகத்தின் கதவையாவது அன்றே முத்திரையிட்டிருக்கலாம். ஆளை மாற்ற ஆணை வேண்டும். கோப்பறைக்கு இரு தரப்புப் பூட்டுப் போட அரசியல் உடன்பாடு போதும்.

பிரிவைக் கலைப்பதில் 2003 மார்ச்சில் பயன்பட்ட முறையே 2001லும் பயன்பட்டிருக்கும் என்று சொல்வது எளிது. அது முழு உண்மையாகாது. 2003இல் நாடே அதிர்ச்சியில் இருந்தது, ஜெண்டார்மெரி ஏறக்குறைய இரண்டு ஆண்டு வளர்ந்திருந்தது, பாவ்கோவிச் போயிருந்தார். 2001இல் செய்யக்கூடியது வேறு: ஆட்களைச் சிறு சிறு குழுவாக மற்றக் காவல் பிரிவுகளுக்கு மாற்றுவது, கவச வண்டிகளைப் பழுதுபார்ப்பு என்ற பெயரில் கூலாவிலிருந்து எடுப்பது, எரிபொருள், வெடிமருந்துக் கிடங்குப் பொறுப்பை உள்துறைக்கு மாற்றுவது. ஹேக் தேடும் ஆட்களைப் பிடிக்க, ஹேக்குக்குப் பயப்படும் பிரிவையே அனுப்பியது எந்தக் கணக்கிலும் சேராது.

2002இல் வரிசை தலைகீழாக இருந்தது. சட்டமும் அலுவலகமும் பகிரங்கமாக, கைது கடைசியில். அப்போது நடப்பில் இருந்த சட்டத்தின் கீழேயே ஆள்கடத்தல் வழக்குகளில் முக்கியமானவர்களை உள்ளே வைத்துவிட்டு, தனி நீதிமன்றத்தை அதன் பின் கட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 21க்குப் பின் மிக எளிய வேலை ஒன்று பாக்கியிருந்தது: லாரி ஓட்டியவரைத் தனி வழக்கறிஞரிடம் ஒப்படைத்து, கொலை முயற்சி என்ற பிரிவில் காவலில் வைப்பது. அவர் உள்ளே இருந்திருந்தால் கும்பல் பதுங்கியிருக்கும், அல்லது அவர் பேசியிருப்பார். அதோடு நேமான்யினா தெரு முற்றத்தில் வாகனத்துக்கும் வாசலுக்கும் இடையே மறைப்புத் தட்டி ஒன்றும், எதிர்க் கட்டடங்களின் ஜன்னல் வாரியான பட்டியலும், நாளுக்கு ஒரு வாசல் என்ற மாற்றமும் வேண்டியிருந்தன. மூன்றும் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் முடியக்கூடிய வேலை. கைக்கு இருந்ததோ 19 நாள்.